வலது பக்க அலமாரி

"கையைத் தூக்கு."

"தூக்கிட்டேன்."

"இது தூக்கினதா? பஸ்ஸை நிறுத்துற மாதிரி இருக்கு. இன்னும் மேல. காதைத் தொடணும்."

"தொட்டாச்சு. அப்படியே உங்க காதையும் தொட்டு ஒரு திருகு திருகிக் காட்டட்டுமா?"

கணவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர் அவர். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேரா கோணலா என்று பார்க்கிற பழக்கம் கையோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. இப்போது அந்த ஒற்றைக் கண்ணால் மனைவியின் இரண்டு தோள்களையும் பார்த்தார். இடது தோள் ஒரு நூல் இறங்கித்தான் இருந்தது. எலும்பு கூடிவிட்டது. கூடின இடத்தில் ஒரு முறுக்கு மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

ஆம்புலன்ஸில் நோயாளியோடு பின்பக்கம் போகிற வேலை அவளுக்கு. ஓட்டுகிறவர் முன்னால். மருந்து, ஆக்ஸிஜன், நோயாளி, நோயாளியின் பயம், கூட வருகிறவர்களின் பயம் எல்லாவற்றோடும் அவள் பின்னால். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், ஓடுகிற வண்டிக்குள் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது தூக்கி எறியப்பட்டாள். இரும்புத் தடுப்பில் தோள் போய் மோதியது. நோயாளியை இறக்கின கையோடு அவளையும் அதே ஆஸ்பத்திரியில் இறக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு இன்றுதான் மறுபடியும் சீருடை.

"உங்க நிலையத்து மேடமே கூப்பிட்டுச் சொல்றாங்க, போன் அறையில நாற்காலி காலியா இருக்குன்னு. ஃபேனுக்கு அடியில உக்காந்து, 'எங்க வலிக்குது, எப்போ இருந்து வலிக்குது'ன்னு கேட்டு வண்டியை அனுப்பிவிடணும். அவ்வளவுதான். கசக்குதா உனக்கு?"

"கசக்குதுன்னு யாரு சொன்னா? இன்னிக்கு ஒரு நாள் வண்டியில போய்ப் பாக்குறேன். முடிஞ்சா வண்டி. முடியலைன்னா நாற்காலி."

"முடியலைன்னா வாயைத் திறந்து சொல்லுவியா?"

"நான் சொல்லலைன்னா உங்க ஒத்தைக் கண்ணு சொல்லிடாதா?"

முடிகிறதா இல்லையா என்பது தோளில் இல்லை என்று அவளுக்கு மட்டும் தெரியும். சிகிச்சைக்குப் பஸ்ஸில் போய்வந்த நாட்களில் அவள் வேண்டுமென்றே நின்று பார்த்திருக்கிறாள். கம்பியைப் பிடித்திருக்கும் வரை சரி. பிடியை விட்டுவிட்டு ஒரு திருப்பம் வந்தால் போதும், இரண்டு முழங்காலும் தண்ணீராகிவிடும். ஆம்புலன்ஸில் பின்னால் நிற்கிறவளுக்குக் கம்பியைப் பிடிக்க ஏது கை? இரண்டு கையும் நோயாளிக்குத்தானே? பிடிக்காமல் நிற்க முடியாது என்றால் வண்டி இல்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"டப்பாவை எடுத்துக்கோ. வலது பக்க அலமாரி."

அவள் வலது பக்க அலமாரியைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? இப்போல்லாம் சரியாத் திறக்குற!"

அது ஒரு பழைய கதை. ஆம்புலன்ஸில் அவள் நிற்கிற இடம் நோயாளியின் தலைமாடு. முதுகு டிரைவருக்கு, முகம் பின்கதவுக்கு. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் டிரைவர் "வலது" என்றோ "இடது" என்றோ குரல் கொடுப்பார். திரும்பி நிற்கிறவளுக்கு அவருடைய வலது, இடது. யோசித்துக்கொண்டிருந்தால் விழுந்துவிடலாம். அதனால் காதில் வலது என்று விழுந்ததும் உடம்பு தானாக இடது பக்கம் சாயும். வருஷக்கணக்காகச் சாய்ந்து சாய்ந்து, வீட்டிலும் அதே கதி ஆனது. வலது பக்க அலமாரி என்று சொன்னால் இடதைத் திறப்பாள். வலது பக்கச் சந்து என்று சொன்னால் ஸ்கூட்டரை இடது பக்கம் விடுவாள். "கல்யாணத்துல உன்னை என் வலது பக்கம் உக்காரச் சொல்லியிருந்தா பந்தல்ல வேற எவன் பக்கத்துலயோ போய் உக்காந்திருப்ப" என்பார் அவர்.

லீவில் இருந்த மாதங்களில் அந்தப் பழக்கம் விட்டுப்போயிற்று. அவருக்கு அது குணமானதற்கு அடையாளம். சரியான அலமாரியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கும்.

"ஒண்ணு கேட்டா செய்வியா?" என்றார்.

"செய்யக்கூடியதா இருந்தா."

"பெல்ட்டைப் போட்டுட்டு உக்காரு. எழுந்திருக்காத. இன்னிக்கு ஒரு நாள்."

அவள் அவருடைய மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, தன் சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டாள்.

"சரி."

"அந்த மனுஷன் ஒழுங்கா ஓட்டுவாரா?"

"யாரு, ஸ்பீக்கர் அண்ணனா?"

ஸ்பீக்கர் என்பது டிரைவருக்கு நிலையத்தில் வைத்த பெயர். வாயை மூடத் தெரியாதவர் என்பதால் அது வந்தது. அவர் ஸ்பீக்கர், இவள் காது. தோள் உடைந்த அன்றைக்கும் அவர்தான் ஓட்டினார். "வலது" என்று குரல் கொடுத்தார். அவள் அதற்குத் தகுந்தபடி சாய்ந்தாள். அந்த நொடியில் ஒருவர் சைக்கிளோடு குறுக்கே வந்துவிட, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்துவிட்டார். சொன்னது ஒன்று, திரும்பினது ஒன்று.

அதற்குப் பிறகு விடுமுறை நாள் தவறாமல் வீட்டுக்கு வந்தார். வருவார், "இப்போ எப்படி இருக்கு?" என்று நிலைப்படியைப் பார்த்துக் கேட்பார், உடனே பையிலிருந்து ஸ்பேனரை எடுப்பார். சொட்டுகிற குழாய், கத்துகிற மின்விசிறி, கிறீச்சிடுகிற கேட், எல்லாவற்றையும் சரி செய்தார். கெட்டுப்போகாததையும் பிரித்துப் பூட்டினார். அன்றைய நாளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை.

"அவர் நல்லாத்தான் ஓட்டுவார்," என்றாள்.

"ரிப்பேரும் நல்லாத்தான் பண்றார். இந்த வீட்ல இப்போ சத்தம் போடுறது நீ ஒருத்திதான். மத்ததுக்கெல்லாம் எண்ணெய் விட்டுட்டுப் போயிட்டார்."

நிலையத்தில் பொறுப்பாளர் மேடம் எழுந்து வந்து அணைத்துக்கொண்டார். இடது தோளில் கை படாமல் அணைத்தார்.

"நாற்காலியைத் துடைச்சு வெச்சிருக்கேன். நாளைக்குக் காலையில எனக்கு ஒரு பதில் வேணும். நீ இல்லைன்னா அதுல வேற ஆளைப் போட்டாகணும்."

"காலையில சொல்லிடுறேன் மேடம்."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"நாற்காலிக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கு."

"என் ஓட்டையும் சேர்த்துக்கோ. உன்மேல எனக்கு அக்கறை இருக்கு, அதனால சொல்றேன்."

வெளியே ஸ்பீக்கர் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

"என்னண்ணே, முகம் தெரியலையா அதுல?"

"வாம்மா."

"அவ்வளவுதானா? பழைய ஸ்பீக்கரா இருந்தா இந்நேரம் உங்க மச்சான் மாடி கட்டின கதையில பாதி ஓடியிருக்கும்."

"கட்டி முடிச்சுட்டான்மா."

துணி மறுபடி கண்ணாடிக்குப் போய்விட்டது. சுவரில் மாட்டின வயர்லெஸ் கரகரத்ததும் இரண்டு பேருக்கும் அப்பாடா என்றிருந்தது. வயதான அம்மா, மூச்சுத் திணறல், மூன்றாவது மாடி.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. அது இந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம். மூச்சுத் திணறுகிறவர்கள் லிஃப்ட் ஓடாத கட்டடத்தில்தான் இருப்பார்கள்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கட்டிலின் விளிம்பில் கனத்த உடம்போடு ஓர் அம்மா, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. பக்கத்தில் மெலிந்த பெரியவர் ஒருவர் கைவிசிறியை வீசிக்கொண்டிருந்தார், ஆனால் காற்றெல்லாம் அவருடைய சொந்த மோவாயில்தான் பட்டது.

"என்னம்மா செய்யுது?"

"செருப்பைப் பாருங்க சிஸ்டர்…" ஒரு மூச்சு. "ஒண்ணு கறுப்பு…" ஒரு மூச்சு. "ஒண்ணு பழுப்பு…"

பார்த்தாள். பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயாராகி, ஜோடி மாறின செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றார்.

"இந்த மனுஷனோட… எங்க போனாலும்… மானம் போகுது…"

கேட்டுக்கொண்டே அவள் நாடியைப் பிடித்தாள், விரலில் கருவியை மாட்டினாள், முதுகில் காதுக்குழாயை வைத்தாள். நுரையீரலின் அடிப்பாகத்தில் ஈரத்துணியைப் பிழிகிற சத்தம். இதயம் களைத்துப்போய்த் தண்ணீர் மேலே ஏறுகிறது. கருவி ஓர் எண்ணைச் சொல்லும், சொல்லட்டும். மூச்சுத் திணறலில் அவள் நம்புவது வாயை. ஒரு மூச்சில் முழு வாக்கியம் வந்தால் நேரம் இருக்கிறது. இரண்டு மூன்று வார்த்தை என்றால் கிளம்ப வேண்டும். ஒரு வார்த்தை என்றால் ஓட வேண்டும். இந்த அம்மா மூன்று வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க நல்லாத் திட்டுங்கம்மா. நிறுத்தாதீங்க."

"சிஸ்டர், நீங்க வேற தூண்டிவிடாதீங்க," என்றார் பெரியவர். பயத்தில் அவருக்குக் குரல் கீச்சென்று வந்தது.

நாக்குக்கு அடியில் மருந்தைப் பீய்ச்சி, ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டி, அம்மாவை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து வார்ப்பட்டையால் கட்டினார்கள். ஸ்பீக்கர் மேல்பக்கம் பிடித்தார், அவள் கால்பக்கம் பிடித்துப் பின்னோக்கி இறங்கினாள்.

"படி," என்றார் ஸ்பீக்கர். "படி. படி. படி."

"அண்ணே, படிக்கட்டுல படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"திருப்பம். மெதுவா. பூந்தொட்டி. காலி பாட்டில். படி."

இரண்டாவது மாடிக்காரர் கதவைத் திறந்து, "லிஃப்ட் ரிப்பேருக்குச் சொல்லியிருக்கோம், நாளைக்கு வர்றாங்க" என்றார். "நாங்களும் நாளைக்கே வந்திருக்கலாம்," என்றாள் அவள். தோள் முறுக்கிக்கொண்டு வலித்தது. ஆனால் தாங்கியது. தோளைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

வண்டிக்குள் அம்மாவைப் படுக்கையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். பெரியவர் பக்கவாட்டுப் பெஞ்சில் ஏறாமல் நடுவில் காலை அகட்டி நின்றார்.

"உக்காருங்கய்யா."

"பழக்கம் சிஸ்டர். பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். வண்டியில உக்காந்தா எனக்குத் தலை சுத்தும்."

முகமூடிக்குள்ளிருந்து, "இங்கயாவது… உக்காருங்களேன்…" என்று வந்தது.

இரண்டு வார்த்தை.

பெரியவரை உட்காரவைத்துக் கட்டிவிட்டு அவளும் பெஞ்சில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். டக். கொக்கி விழுந்த சத்தத்தில் ஒரு வெட்கமும் ஓர் ஆறுதலும் சேர்ந்து வந்தன. உட்கார்ந்தே செய்துவிடலாம். கை எட்டுகிறது. வீட்டில் கொடுத்த வாக்கும் மிஞ்சும்.

வண்டி கிளம்பியது. கிளம்பியது என்று சொல்வது வண்டிக்கு மரியாதை, நகர்ந்தது.

"பள்ளம்," என்றார் ஸ்பீக்கர். "சின்னதுதான். மேடு. இடது வரப்போகுது, இன்னும் வரலை. வரப்போகுது. இடது. பள்ளம்… இல்ல, நிழல்."

"நிழலுக்கெல்லாமா… கூப்பாடு?" என்றார் அம்மா.

பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சைரன் அலறுகிறது, பக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் தாண்டிப் போகிறார்.

"அண்ணே, கொஞ்சம் வேகமாப் போலாம்."

"போறேன்மா."

போகவில்லை. அம்மாவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. உதட்டோரம் நிறம் மங்கியது. மறுபடி மருந்தைப் பீய்ச்சினாள்.

"அம்மா, என்கூடப் பேசுங்க. செருப்பு என்ன நிறம்?"

"கறுப்பு…"

ஒரு வார்த்தை.

"இன்னொண்ணு?"

பதில் இல்லை. கண் பாதி மூடியிருந்தது. தோள்பட்டை மட்டும் ஏறி இறங்கியது, ஏற்றம் குறைந்துகொண்டே வந்தது. பெரியவர் மனைவியின் முகத்துக்குக் கிட்டே குனிந்தார்.

"ஏய், அடுப்பை அணைச்சேனான்னு ஞாபகம் இல்லடி. பால் பாத்திரத்தோட விட்டுட்டு வந்துட்டேன்னு நினைக்கிறேன்."

சைரன் மட்டும் கேட்டது.

"வீட்டைக்கூடப் பூட்டலை போல."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் நிமிர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"சிஸ்டர், இதுக்கு அவ சும்மா இருக்க மாட்டா. இதுக்கு சும்மா இருக்கவே மாட்டா சிஸ்டர்."

இனி முகமூடி போதாது. காற்றுப் பையை வைத்து மூச்சை உள்ளே தள்ள வேண்டும். பையின் முகமூடி காற்று கசியாமல் உட்கார, அந்தக் கனத்த முகத்தில் இரண்டு கையும் வேண்டும். தலைமாட்டில், நின்றுகொண்டு.

அவள் கை கொக்கிக்குப் போனது. அங்கேயே நின்றது. விரலுக்கு அடியில் அந்தச் சின்ன இரும்பு குளிர்ந்திருந்தது. பிறகு அமுக்கினாள்.

டக்.

முன்னால் அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். கொக்கிச் சத்தத்தை வைத்தே அவள் எழுந்தாளா உட்கார்ந்தாளா என்று தெரிந்துகொள்கிறவர் ஸ்பீக்கர். வண்டி இன்னும் மெதுவானது. கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

"என்னண்ணே?"

"நீ எழுந்துட்ட."

"எழுந்துட்டேன். ஓட்டுங்க." பேசிக்கொண்டே தலைமாட்டுக்கு வந்து, முதுகை டிரைவர் ஜன்னலுக்குக் கொடுத்து நின்றாள். பையைக் குழாயோடு இணைத்துப் பெரியவரின் கையில் வைத்தாள். "அய்யா, நான் சொல்றப்போ இதை அமுக்கணும், சொல்றப்போ விடணும். முடியுமா?"

"டிக்கெட் கிழிச்ச கை சிஸ்டர். சொல்லுங்க."

முகமூடியை வைத்து, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தி, மற்ற விரல்களால் தாடையைத் தூக்கிப் பிடித்தாள். "அமுக்குங்க. விடுங்க. அமுக்குங்க. விடுங்க." நெஞ்சு எழுந்தது. வண்டி எழவில்லை.

"அண்ணே!"

"நீ உக்காந்துடும்மா." ஜன்னல் வழியாக வந்த குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நான் ஒண்ணைச் சொல்லி, வண்டி வேற பக்கம் போயிட்டா?"

"அமுக்குங்க. விடுங்க. அன்னிக்கு நீங்க சொன்னபடியே திரும்பியிருந்தா, அந்த சைக்கிள்காரர் இன்னிக்கு இல்லை. அமுக்குங்க. நீங்க சரியாத்தான் திரும்பினீங்க. விடுங்க. இத்தனை நாளா குழாயைப் பிரிச்சீங்களே தவிர, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அமுக்குங்க."

"தங்கச்சி…"

"விடுங்க. உங்களை இல்லண்ணே, அவரைச் சொன்னேன். நீங்க ஓட்டுங்க. சொல்லிட்டுத் திரும்புங்க. மாறினா மாத்திச் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

வண்டி இன்னும் ஊர்ந்துகொண்டேதான் இருந்தது. அப்போது பெரியவர், ஒரு கையால் பையை அமுக்கினபடியே, இன்னொரு கையால் வண்டியின் தகட்டைத் தட்டினார். டப், டப்.

"போலாம்! போலாம்!"

உலகத்தில் எந்த டிரைவருடைய காலும் அந்தத் தட்டலுக்கு மறுத்ததில்லை. வண்டி பாய்ந்தது.

"இடது!"

அவளுடைய முழங்கால் தண்ணீராயிற்று. கம்பி எங்கே, கம்பி எங்கே என்று கை துடித்தது. கையில் ஓர் அம்மாவின் தாடை இருந்தது. அவள் பற்களைக் கடித்துக்கொண்டு இடுப்பைப் படுக்கையின் விளிம்பில் கொடுத்தாள். வண்டி இடது பக்கம் திரும்பியது, அவள் விழவில்லை.

"அமுக்குங்க. விடுங்க."

"மேடு!"

பாதம் இரண்டும் அகன்றன.

"நேரா, நேரா, எல்லாம் ஒதுங்கிட்டாங்க. ஒரு மகராசன் மட்டும் நடுரோட்டுல போன் பேசிட்டிருக்கான், அவனும் போயிட்டான். பிரேக் லேசா. சரி. வலது வருது. வலது!"

அவள் சாய்ந்தாள். எந்தப் பக்கம் என்று யோசிக்கவில்லை.

"இல்ல! லாரி! இடது, இடது, இடது!"

சாய்ந்த உடம்பு சாய்ந்த வேகத்தில் மறுபக்கம் போனது. யார் கொண்டுபோனது என்று அவளுக்கே தெரியாது. தோள் தடுப்பில் ஒரு முறை உரசியது, அவ்வளவுதான். முகமூடி அசையவில்லை. பெஞ்சில் பெரியவரும் வலது பக்கம் போய், இடது பக்கம் வந்து, அத்தனைக்கும் நடுவில் ஒரு அமுக்கலைக்கூட விடவில்லை.

"தங்கச்சி?" ஜன்னலிலிருந்து ஓர் அலறல். "தங்கச்சி!"

"நிக்கிறேண்ணே."

"நிக்கிறியா?"

"நிக்கிறேன். லாரிக்கு அப்புறம் என்ன? சொல்லிட்டு வாங்க."

சொன்னார். வாசல் வரை ஒரு கல்லைக்கூட விடாமல் சொன்னார்.

அம்மாவை உள்ளே கொண்டுபோனதும், ஆஸ்பத்திரி முற்றத்தில் வண்டியை நிறுத்தித் துடைத்தார்கள். அவள் படுக்கையைத் துடைத்தாள். ஸ்பீக்கர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்து, நிறுத்தி, துணியை இரண்டு கையாலும் முறுக்கினார்.

"மாடி கட்டி முடிச்சுட்டான்னு சொன்னேன்ல, என் மச்சான்?"

"ஆமா."

"படிக்கட்டு வைக்க மறந்துட்டான்மா."

அவள் துடைப்பதை நிறுத்தினாள். "நிஜமாவா?"

"ஏணி போட்டு ஏறுறான். நான் போன வாரமே சொல்லணும்னு நினைச்சேன், வாய் வரலை. இன்னும் கேளு, அந்த ஏணி யாரோடதுன்னு நினைக்கிற?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நடுவில் ஒருமுறை கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார், கண்ணாடி துடைக்கிற துணியாலேயே. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்கள் புறப்படுவதற்கு முன்னால் பெரியவர் ஓடிவந்தார். ஜோடி மாறின செருப்பு டப்டப்பென்று அடித்தது.

"சிஸ்டர்! திட்டிட்டா!"

"என்ன சொல்லித் திட்டினாங்க?"

"அடுப்பு! நான் சொன்னது அப்போ காதுல விழுந்திருக்கு சிஸ்டர். முகத்துல ஏதோ மெஷின் மாட்டியிருக்காங்க, அதைக் கையால தள்ளிட்டுத் திட்டுறா. நர்ஸம்மா பேசாதீங்கன்னா, அவங்களையும் சேர்த்துத் திட்டுறா."

"ஒரு மூச்சுல எத்தனை வார்த்தை?"

"எண்ணுறதுக்குள்ள அடுத்தது வந்துடுது."

"அடுப்பை அணைச்சீங்களா இல்லையா?"

"அணைச்சேன், அணைச்சுட்டுத் தொட்டும் பாத்தேன். பூட்டி இழுத்தும் பாத்தேன்." பெரியவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். "சும்மாதான் சொன்னேன் சிஸ்டர். அவ எப்பவும் பதில் சொல்லிடுவா, அதான்."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் இன்னும் அமுக்கின தாளம் ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ள போங்கய்யா. போய்த் திட்டு வாங்குங்க."

சாயங்காலம் வீட்டுக் கேட் சத்தமே இல்லாமல் திறந்தது. கணவர் கடையிலிருந்து முன்னதாகவே வந்துவிட்டிருந்தார். காரணம் கேட்டால் கூட்டம் இல்லை என்பார். அவள் செருப்பைக் கழற்றுவதையும், பையை வைப்பதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"தோளு?"

"வலிக்குது."

"பெல்ட்டுப் போட்டியா?"

"போட்டேன்."

"முழுக்கவா?"

அவள் கை கழுவப் போனாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் சொன்னாள்.

"ஒரு தடவை கழட்டினேன்."

"எதுக்கு?"

"ஒரு அம்மா புருஷனைத் திட்டுறதை நிறுத்திட்டாங்க."

"நிறுத்தினா நல்லதுதானே?"

"உங்களுக்கு அப்படித்தான் தோணும்."

அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த மேடத்துக்குக் காலையில பதில் சொல்லணும்னு போன்ல சொன்னியே. என்ன சொல்லப் போற? நாற்காலியா?"

"தெரியலை. உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருக்கேன். டம்ளர் எங்க?"

"எப்பவும் இருக்குற இடம்தான். வலது பக்க அலமாரி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அலமாரியைத் திறந்தாள். உள்ளே பருப்பு டப்பா இருந்தது, தீப்பெட்டிகள் இருந்தன, டம்ளர் இல்லை. இடது பக்கக் கதவு அவள் கையோடு திறந்து நின்றது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

கணவர் எழுந்து வந்தார். வலது பக்க அலமாரியைத் திறந்து இரண்டு டம்ளர்களை எடுத்து மேடைமேல் வைத்தார். இடது பக்கக் கதவை மெதுவாகச் சாத்தினார். பிறகு மூடியிருந்த அந்த ஒரு கண்ணையும் திறந்து, இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தார்.

"தைலம் தடவுறேன், உக்காரு," என்றார். "காலையில எத்தனை மணிக்கு எழுப்பணும்?"